எல்லாம் பத்திரம், அம்மா

மீர்சாகிப்பேட்டை, சென்னை
15.9.2024

அன்பு மகன் ஃபராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் இங்கே அல்ஹம்துலில்லாஹ், சுகம். அந்த டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு ஆரோக்கியமாக நடமாட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

வீடியோவில் கூப்பிட்டால் அத்தா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். கடையில் எந்த சூட்கேஸுக்குச் சக்கரம் மாற்றினார், தி.நகரில் எந்தத் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் மெயில். நீ கற்றுக்கொடுத்த தமிழ்க் கீபோர்டில்தான் தட்டுகிறேன். 'ழ' எங்கே இருக்கிறது என்று இன்னமும் தேடுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. பள்ளியில் ஆசிரியர் தின விழா நடந்தது. உன் பெயரைச் சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்! ஹெச்.எம். ரத்னா மேடம் மைக்கிலேயே சொன்னார்: "நம்ம ஆபீஸ் வஜீஹா மேடத்தோட மகன் அயர்லாந்துல உக்காந்துக்கிட்டு, நம்ம பசங்களோட மார்க், அட்டெண்டன்ஸ், மெடிக்கல் சர்டிஃபிகேட் எல்லாத்தையும் தினமும் ஒரு காப்பி எடுத்துப் பாதுகாக்கறார். மூணு வருஷமா, இலவசமா. இந்த மாதிரி பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?" அத்தனை பேரும் கை தட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சந்தோஷத்தில்தான்.

தாளாளர் அப்துல் கய்யூம் சார் மட்டும் கீழே இறங்கியதும், "நல்ல விஷயம்தான் மேடம். ஆனா ஸ்கூல் ரெக்கார்டு இல்லியா? ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைச்சா நாளைக்குக் கேள்வி கேக்க ஒரு ஆள் இருப்பான்" என்றார். "என் மகனைக் கேளுங்க சார், அவன் பதில் சொல்லுவான்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இதைச் சொல்லும்போது ஒன்று கேட்க வேண்டும். முன்பெல்லாம் காலையில் ஆபீஸைத் திறந்ததும் 'பேக்கப் முடிந்தது' என்று எனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். ஜூலையிலிருந்து அது வரவில்லை. சர்வருக்குப் பக்கத்திலேயே ஒரு ஹார்டு டிஸ்கில் இன்னொரு காப்பி ஓடுகிறது, அது சரியாக இருக்கிறது. உன்னிடம் இருப்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடு கண்ணு. அவசரமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போன மாதம் பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா


டப்ளின்
24.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். இங்கே வேலை கொஞ்சம் அதிகம்.

பொன்னாடைச் செய்தி படித்தேன். எனக்கு எதற்கம்மா அதெல்லாம்? ரத்னா மேடத்திடம் இனிமேல் மேடையில் என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருக்கிறது.

அந்த மெயில் வராததற்குக் காரணம் ஒரு செட்டிங். ஜூலையில் இங்கே சில மாற்றங்கள் செய்தார்கள், அதில் அது நின்றுபோயிருக்கும். எல்லாம் பத்திரமாக இருக்கிறது அம்மா. நீங்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

அத்தாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் குனிந்து சக்கரம் மாட்டுகிற வேலையை இனிமேல் பையனிடம் விடச் சொல்லுங்கள். நீங்களும் பள்ளியில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருக்காதீர்கள். வார நாட்களில் போன் செய்தால் நான் எடுக்க முடியாது, மீட்டிங்கில் இருப்பேன். ஞாயிறு நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
ஃபராஸ்


மீர்சாகிப்பேட்டை
20.10.2024

அன்பு ஃபராஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வருடத்து மழை ஆரம்பித்துவிட்டது. ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீர். அத்தா கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார், எனக்கு அடுப்படியில் பாதி வேலை கூடிப்போனது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். ஜாம்பஜாரில் உமர் ஃபாரூக்கின் அம்மாவைப் பார்த்தேன். உன்னோடு படித்தானே, இப்போது அங்கே டப்ளினில்தான் இருக்கிறானே, அவன்தான். "எங்க உமர் ஏதோ குடோனுக்கு பார்சல் எடுக்கப் போனானாம். உங்க ஃபராஸ் மாதிரியே ஒரு பையன் மஞ்சா ஜாக்கெட் போட்டுக்கினு பெட்டி தூக்கிக்கினு இருந்தானாம்" என்றார். ஆள் மாறிப் பார்த்திருப்பான் என்றேன். அவர் விடவில்லை. நானும் கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டேன். மீன்காரர் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மறுநாள் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

இன்னொன்று. மழையைப் பார்த்ததும் கய்யூம் சார் மறுபடி கேட்டார். காப்பி எடுப்பது பெரிதில்லையாம், அதைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியமாம். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "முழுசும் வேண்டாம் மேடம். பத்தாம் வகுப்பு பி செக்ஷன், ஒரே ஒரு கிளாஸ் லிஸ்ட். அதை மட்டும் உங்க மகன்கிட்டேர்ந்து வாங்கிக் காட்டுங்க, நான் இதைப் பத்திப் பேசறத விட்டுடறேன்" என்கிறார். அடுத்த பள்ளிக் கமிட்டிக் கூட்டத்துக்குள் அனுப்பிவிடு. உனக்கு இது ஒரு வேலையே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு நீ கூப்பிடவில்லை. தூங்கிவிட்டாயோ என்னவோ.

துஆவுடன்,
அம்மா


டப்ளின்
27.10.2024

அன்புள்ள அம்மா,

10 பி பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. கய்யூம் சாரிடம் காட்டிவிடுங்கள்.

உமர் பார்த்தது என்னை இல்லை. இங்கே எல்லோரும் மஞ்சள் ஜாக்கெட் போடுகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள்கூட. அவன் அம்மாவிடம் போய் மன்னிப்பெல்லாம் எதற்குக் கேட்டீர்கள்?

ஃபராஸ்


மீர்சாகிப்பேட்டை
29.10.2024

அன்பு ஃபராஸ்,

பட்டியல் வந்தது. பிரிண்ட் எடுத்து கய்யூம் சாரிடம் கொடுத்தேன். "சரியா இருக்கா மேடம்?" என்றார். "சரியா இருக்கு சார்" என்றேன். கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிட்டார். இனிமேல் அந்தப் பேச்சு வராது.

சிம்ரா என்று ஒரு பெண் போன ஜூனில் வடபழனியிலிருந்து வந்து 10 பியில் சேர்ந்தாள். அவள் பெயர் என் கண்ணில் படவில்லை. அஸ்வத் என்ற பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான், அவன் பெயர் இருக்கிறது போலத் தோன்றியது. எனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டும், நாள் தள்ளிக்கொண்டே போகிறேன். சரியாகப் பார்க்காமல் ஏதோ எழுதுகிறேன்.

தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது என்றாயே, யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா


மீர்சாகிப்பேட்டை
2.12.2024

ஃபராஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். உடனே படி.

புயல் மழை என்று பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். இன்று காலை வாட்ச்மேன் வலியுல்லா போன் செய்தார். "மேடம், ஆபீஸ் ரூம்ல தண்ணி நிக்குது. மேலேர்ந்து ஊத்திக்கினே கீது. கம்ப்யூட்டர் பொட்டி முழுசா நனைஞ்சிடுச்சி." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். மொட்டை மாடியில் தண்ணீர் போகிற குழாய் இலை அடைத்துக்கிடந்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் சீலிங்கில் இறங்கி நேராகச் சர்வர் மேலேயே கொட்டியிருக்கிறது. பக்கத்திலிருந்த ஹார்டு டிஸ்கும் அதே மேஜையில்தானே. அதைத் தூக்கிச் சாய்த்தால் தண்ணீர் வழிகிறது.

இரண்டையும் துணியில் சுற்றி ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போனோம். பார்த்தவர் தலையை ஆட்டிவிட்டார். கரண்ட் இருக்கும்போதே தண்ணீர் பட்டிருக்கிறதாம், உள்ளே பதிவாகிற தட்டே போய்விட்டதாம். இன்னும் இரண்டு கடையில் கேட்டோம், அதே பதில்தான்.

ரத்னா மேடம் அழவே ஆரம்பித்துவிட்டார். நான்தான் தோளைத் தொட்டு, "ஏன் மேடம் அழறீங்க, ஃபராஸ்கிட்ட எல்லாம் இருக்கு, நாளைக்கே அனுப்பிடுவான்" என்றேன். அரசாங்கத் தளத்தில் பெயர், ஆதார் போன்றவை இருக்கின்றன, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு வருட மதிப்பெண், பிராக்டிகல், பிள்ளைகளின் டாக்டர் சர்டிஃபிகேட் எல்லாம் நம் சர்வரில் மட்டும்தான் இருந்தது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வேலை தொடங்கிவிட்டது.

எதில் வேண்டுமானாலும் அனுப்பு. இன்றே.

அம்மா


4.12.2024

ஃபராஸ்,

போன் அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. நேற்றிரவு எடுத்து உடனே வைத்துவிட்டாய்.

உனக்கு உடம்பு சரியில்லையா? அதை மட்டும் சொல்லிவிடு. மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அம்மா


டப்ளின்
6.12.2024

அம்மா,

உடம்பு நன்றாக இருக்கிறது. அதுதான் கேட்டீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் எதுவும் இல்லை அம்மா.

ஜூலை முதல் வாரம் எங்கள் குழுவையே ஒரு அறையில் கூப்பிட்டு வேலை முடிந்தது என்றார்கள். பேசி முடித்து மேஜைக்குத் திரும்பும்போது லேப்டாப் திறக்கவில்லை. நாங்கள் பழகிப் பார்ப்பதற்காகக் கம்பெனி தன் சர்வரில் ஆளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தது. பள்ளியின் காப்பி முழுவதையும் நான் வைத்திருந்தது அந்த இடத்தில்தான். யாரையும் கேட்காமல்தான் வைத்தேன். என் கணக்கை மூடியபோது அதுவும் போய்விட்டது. மறுநாளே உங்களுக்குப் போன் செய்து, 'அம்மா, வேறு ஏற்பாடு செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். வேலை போனதைச் சொல்ல வேண்டிவரும். வேறு வேலை கிடைத்ததும் புதிதாக ஒரு இடம் வாங்கி, உங்களுக்குத் தெரியாமல் மறுபடி காப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் நினைத்தேன். வேலை கிடைக்கவில்லை.

உமர் பார்த்தது என்னைத்தான். நானும் அவனைப் பார்த்தேன், அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் அவன் அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதைப் படித்துவிட்டு, கிடங்கின் கழிப்பறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகும் உங்களுக்கு என்ன எழுதினேன் பாருங்கள், 'மன்னிப்பெல்லாம் எதற்கு' என்று.

10 பி பட்டியல். அது போன வருடத்து 9 பி. சோதனைக்காக என் பழைய லேப்டாப்பில் எப்போதோ இறக்கி வைத்திருந்தேன். மேலே 9 என்றிருந்ததை 10 என்று மாற்றினேன். சிம்ரா அதில் எப்படி இருப்பாள்?

நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அன்றே புரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் ஒரு தடவை, நேராகக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றும் கேட்கவே கூடாது என்றும் மாறி மாறி இருந்தது.

அத்தாவிடம் சொல்லாதீர்கள்.

ஃபராஸ்


மீர்சாகிப்பேட்டை
15.12.2024

ஃபராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு வாரமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். திட்டுவதற்கு வார்த்தை தேடி இல்லை. திட்டினால் எனக்குச் சுலபமாகப் போய்விடும் என்று தோன்றியது.

வேலை போனதற்கு எதற்கடா என்னிடம் ஒளிந்தாய்? அதை நினைத்துத்தான் முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் வேறு அழுகை.

புதன்கிழமை கமிட்டி கூடியது. அதற்கு முன்னால் ரத்னா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "மேடம், உள்ள போய் டெக்னிக்கல் ஃபால்ட்னு மட்டும் சொல்லுங்க. அங்க யாருக்கும் புரியாது. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்காகத்தான் சொன்னார். கதவு வரைக்கும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

உள்ளே போனதும் கய்யூம் சார் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். 10 பி பட்டியலும் அவர் கையெழுத்தும். அந்த மனிதர் என்னை நம்பிப் போட்ட கையெழுத்து. அப்புறம் என்னால் முடியவில்லை. உன் வேலை போனது, கம்பெனி இடம், 9ஐ 10 ஆக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்லும்போதுதான் நடுங்கியது.

"சிம்ரா பேரு இல்லன்னு அன்னிக்கே பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் சார்."

"அப்புறம் ஏன் மேடம் சரியா இருக்குன்னு சொன்னீங்க?"

எல்லோர் முன்னாலும் பொன்னாடை வாங்கியவள், அது என் தோளிலிருந்து இறங்கக் கூடாது என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? உனக்கு வெட்கம் வந்து மறைத்தாய். எனக்கு உன்னைவிட வயதாகிவிட்டது, நானும் அதையேதான் செய்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் புயலுக்கு முன்னால் முழுதாக ஒரு மாதம் இருந்தது. ஒரு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காப்பி எடுத்திருக்கலாம்.

ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். கய்யூம் சார் அதை வாங்கி மேஜையில் வைத்தார், படிக்கவில்லை. பொதுத்தேர்வு முடியும்வரை இருக்க வேண்டும், போனதையெல்லாம் திரும்பச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு என்றார். பிறகு பாஸ்வேர்டுகளை எல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க, குனிந்து எழுதிக் கொடுத்தேன். இப்போது ஒரு சின்னப் பெண்ணை வைத்திருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டுமென்றால் அவள் வந்து திறந்துவிட வேண்டும். நல்ல பெண், ஒவ்வொரு தடவையும் "சாரி மேடம்" என்கிறாள்.

டீச்சர்களின் மார்க் நோட்டு, பெற்றோர் போனில் வைத்திருக்கும் ரேங்க் கார்டு போட்டோ, இவற்றை வைத்து ஒவ்வொரு பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். கிடைத்தது பாதிகூட இல்லை.

அம்மா


டப்ளின்
29.12.2024

அம்மா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் ஏன் ராஜினாமா கொடுத்தீர்கள்? தப்பு என்னுடையது என்று அவர்களுக்கு எழுதுகிறேன். கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், ரத்னா மேடத்துக்கும் கய்யூம் சாருக்கும் பொதுவாக. நீங்களே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

டைப் செய்ய ஆள் வைத்துக்கொள்ளுங்கள், செலவை நான் அனுப்புகிறேன். பெங்களூரில் நனைந்த டிஸ்கைத் திறந்து பார்க்கிற இடம் இருக்கிறதாம், அதையும் விசாரிக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்துவிடுகிறேன்.

அத்தாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

ஃபராஸ்


மீர்சாகிப்பேட்டை
19.1.2025

அன்பு ஃபராஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அத்தாவுக்குத் தெரியும். நான் மார்க் நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டுவேன், அத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லுவார். ஒருநாள் நடுவில் நிறுத்தி, "ஃபராஸ்கிட்ட காப்பி கீதுன்னியே, அப்புறம் இன்னாத்துக்கு நாம திருப்பி எழுதிக்கினு இருக்கோம்?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். கையிலிருந்த நோட்டை மூடிவைத்தார். "வேலை போனதுக்கு இன்னா வெக்கம்? நான் ரெண்டு வாட்டி கடைய மூடினவன். ஆனா பசங்க விஷயத்துல பொய் சொல்லிட்டானே" என்றார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் முழுக்க என்னோடும் பேச்சில்லை. அடுத்த நாள் அவரே வந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கத்துல விட்டோம்?" என்றார்.

பெங்களூருக்கும் டிஸ்கை அனுப்பிப் பார்த்துவிட்டோம். திரும்பி வந்துவிட்டது.

நீ மதிப்பெண்ணை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் இதைச் சொல்கிறேன்.

ஜுவேரியா என்று பத்தாம் வகுப்புப் பெண். கெட்டிக்காரி, வாயால் கேட்டால் எல்லாம் சொல்லுவாள். எழுத்துகள்தான் அவளுக்கு இடம் மாறி மாறித் தெரியும். அவளைப் போன்ற பிள்ளைகளுக்குப் பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதற்கு அரசு டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். ஆறாம் வகுப்பில் அவளுடைய அம்மா அலைந்து வாங்கியிருந்தார். பிறகு வீடு மாறும்போது அசல் எங்கோ போய்விட்டது. "ஸ்கூல்ல ஏத்தி வெச்சிருக்காங்க, பயமில்ல" என்று இருந்திருக்கிறார். நம்மை நம்பி.

மறுபடி முதலிலிருந்து. நானும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற அதே அறையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அவளை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பதினைந்து வயதுப் பெண். ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறினாள். ஒரு சிறுவன் சிரித்தான், அவனுடைய அம்மா அவன் வாயைப் பொத்தினார். இவள் கழுத்தெல்லாம் சிவந்துபோனது, ஆனால் நிறுத்தாமல் படித்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இத நான் சின்ன வயசுலயே படிச்சிக் காமிச்சேனே. அப்ப சரியா படிக்கலியா?" என்று கேட்டாள்.

"நீ சரியாத்தான் படிச்சே கண்ணு, நாங்கதான் அத தொலைச்சிட்டோம்" என்றேன். அவளுடைய அம்மா ஒரு ஆட்டோவை நிறுத்தினார். அவர்களோடு நான் அதில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தேன்.

சர்டிஃபிகேட் கைக்கு வருவதற்குள் கூடுதல் நேரத்துக்கு விண்ணப்பிக்கிற தேதி முடிந்துவிட்டது. ரத்னா மேடம் நேரில் போய்க் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கிடைக்குமா என்று தெரியாது.

நீ அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. உன் பொய்யையும் நான்தான் சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தேன். இதையுமா?

எனக்கு ஒன்று செய். அடுத்து எழுதும்போது எல்லாம் பத்திரம் என்று எழுதாதே. இருப்பதை எழுது. அது எப்படியிருந்தாலும் நான் படிப்பேன்.

அம்மா


டப்ளின்
9.2.2025

அன்புள்ள அம்மாவுக்கும் அத்தாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இருப்பதை எழுதுகிறேன். நான்கு பேர் ஒரு அறையில் இருக்கிறோம், என் கட்டில் ஜன்னலோரம், அதில் ஈரம் ஊறுகிறது. கிடங்கில் இன்னும் பெட்டிதான் தூக்குகிறேன். இடுப்பு வலிக்கிறது. போன வாரம் ஒரு நேர்காணல், பாதியிலேயே முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு பேசும்போது போட்டுக்கொள்ளும் நீலச் சட்டை மட்டும்தான் இஸ்திரி போட்டது. ஐந்து வேளையும் தொழுவதில்லை. உமரிடம் நானே போய்ப் பேசினேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டான்.

ஜுவேரியா என்ற பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்டது காதிலேயே இருக்கிறது. அந்தக் கோப்பில் என்னவெல்லாம் இருக்கிறது என்று நான் ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை அம்மா. எனக்கு அது ஒரு எடை, இவ்வளவு ஜி.பி. என்று. அவ்வளவுதான்.

ஊருக்கு வருகிறேன். 21ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு இறங்குகிறேன். இங்கே அறையைக் காலி செய்துவிட்டுத்தான் வருகிறேன். நோன்பு தொடங்கும்வரையாவது, தேவைப்பட்டால் தேர்வு முடியும்வரை, டைப் செய்து கொடுக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? மறுநாள் சனிக்கிழமை, பள்ளியில் ஆட்கள் குறைவாக இருப்பார்கள் இல்லையா. அன்று வந்து ரத்னா மேடத்தையும் கய்யூம் சாரையும் மட்டும் பார்த்துவிட்டு, நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து வீட்டிலிருந்தே செய்யட்டுமா? ஆபீஸில் எல்லோரும் பார்க்க உட்கார எனக்குத் தைரியம் இல்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

உங்கள்
ஃபராஸ்


மீர்சாகிப்பேட்டை
13.2.2025

அன்பு மகன் ஃபராஸுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை அத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஈரக் கட்டில் என்ற இடத்தில் "நிறுத்து" என்றார், பிறகு "சரி, படி" என்றார். வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு அவர்தான் வருகிறார். முழங்கால் வலிக்கும் என்று சொன்னால் கேட்கவில்லை. வந்து நன்றாகத் தூங்கு. சனியும் ஞாயிறும் வீட்டிலேயே இரு, உனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுகிறேன்.

பள்ளிக்குச் சனிக்கிழமை வேண்டாம்.

ஜுவேரியாவுக்குக் கூடுதல் நேரம் கொடுத்து உத்தரவு வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அதை வாங்கிக்கொள்ள அவளும் அவளுடைய அம்மாவும் 24ஆம் தேதி ஆபீஸுக்கு வருகிறார்கள். டீச்சர்களும் இருப்பார்கள், கய்யூம் சாரும் இருப்பார். உன்னைப் பார்ப்பார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்னும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது. காலையில் பள்ளிக் கேட்டுக்குள் நுழையும்போது கால் கனக்கும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் வேலை இருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமை வா. நான் உன் பக்கத்தில் நிற்பேன். உனக்காகப் பேச மாட்டேன்.

அம்மா